அம்மாமார் முன்னால் இந்த நாவலை எப்படிப் பேசுவது?

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த முறை அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பசேஜ் நோர்த்’ (2021) பற்றி நான் பேச வேண்டும். ஆங்கில நாவல் என்பதால் கதையைத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் பேசப்போகிறேன்.

கொழும்பில் கிரிஷன் என்ற இளைஞனின் அப்பம்மாவைப் பராமரித்த ராணி, ஊருக்குப் போன இடத்தில் கிணற்றில் விழுந்து இறந்துபோகிறார். செத்தவீட்டுக்காகக் கிரிஷன் ரயிலில் வடக்கே வருகிறான். ராணி போரில் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தவர். எனக்குப் பிடித்தது அவருக்கும் அப்பம்மாவுக்கும் இடையிலான உறவுதான். ஒருவருக்கு உடம்பு தளர்கிறது, மற்றவருக்கு மனம். இருவரும் ஒரே அறைக்குள் நாளைக் கழிக்கிறார்கள். கிரிஷனின் காதல் நினைவுகள் கொஞ்சம் இழுவை, சண்டைக்கு வராதீர்கள்.

சிக்கல் என்னவென்றால், வட்டத்துக்கு வரும் அம்மாமார் சிலர் 2009 இல் முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளை இழந்தவர்கள். ராணியின் இளைய மகன் ஷெல்லில் செத்ததையும், ராணிக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை கொடுப்பதையும் அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? தவிர்த்தால் ராணி வெறும் வேலையாளாகச் சுருங்கிவிடுவார். முதலில் அவர்களிடம் தனியாகக் கேள் என்கிறா அக்கா. அதுவும் சரிதான், ஆனால் கேட்பதே நோகடிக்குமோ என்று யோசிக்கிறேன்.

இப்படிக் கூட்டம் நடத்தியவர்கள், உளவளத்துணையாளர்கள் யாரும் இருந்தால் சொல்லுங்கோ. எந்தக் கேள்வியோடு தொடங்கலாம்? யாராவது அழுதால் பேச்சை நிறுத்துவதா, தொடர்வதா?