பொள்ளாச்சி திறக்கவில்லை, பேரூர் திறக்கிறது: தமிழ் முகவரிகளில் 404 பிழை

நொய்யல்கரை:

வணக்கம். கோயம்புத்தூரில் வலைத்தள உருவாக்குநராகப் பணிபுரிகிறேன். அலுவலக வேலைக்கு வெளியே, எங்கள் வட்டார ஊர்களைப் பற்றிய குறிப்புகளை எழுதிவைக்கச் சொந்தமாக ஒரு சிறு தளம் வைத்திருக்கிறேன். தரவுத்தளம் எதுவும் இல்லை; என் கணினியிலேயே எச்டிஎம்எல் பக்கங்களை உருவாக்கி, எஸ்எஃப்டிபி வழியாக லினக்ஸ் வழங்கிக்கு ஏற்றிவிடுவேன். ஒவ்வோர் ஊருக்கும் அதன் தமிழ்ப் பெயரிலேயே ஒரு கோப்புறை உண்டு.

சென்ற மாதம் என் விண்டோஸ் மடிக்கணினி பழுதானதால், உறவினர் ஒருவர் கொடுத்த பழைய மேக்புக்கில் இருந்து வேலை செய்யத் தொடங்கினேன். அதன்பின் புதிதாக ஏற்றியவற்றுள் பொள்ளாச்சி, தொண்டாமுத்தூர், நொய்யல் ஆகிய பக்கங்கள் 404 பிழை (பக்கம் இல்லை என்ற செய்தி) காட்டுகின்றன. அதே நாளில், அதே முறையில் ஏற்றிய பேரூர், வெள்ளலூர், மருதமலை, சிங்காநல்லூர், சௌரிபாளையம் ஆகியவை சிக்கலின்றித் திறக்கின்றன. மேக்கிலேயே தளத்தை ஓட்டிப் பார்த்தால் எல்லாப் பக்கங்களும் திறக்கின்றன என்பதுதான் என்னைக் குழப்புகிறது. கோப்புறைகளின் அனுமதிகளைச் சரிபார்த்தேன், வேறுபாடு இல்லை. முகப்பில் உள்ள இணைப்பிலும் எழுத்துப்பிழை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பே வழங்கியில் இருந்த கோவனூர் பக்கத்தைத் திருத்தி மறுபடி ஏற்றினேன். அது திறக்கிறது, ஆனால் பழைய உள்ளடக்கத்தையே காட்டுகிறது. இவை இரண்டும் ஒரே சிக்கலா, வேறு வேறா என்று தெரியவில்லை.

கணிமேடை:

கோவனூர் பக்கம் பழையதைக் காட்டுவது கேச் (தற்காலிகமாகச் சேமித்துவைத்த பழைய படி) சிக்கலாக இருக்கக்கூடும். உலாவியின் கேச்சையும், வழங்கிக்கு முன்னால் சிடிஎன் (பக்கங்களின் படிகளை வைத்திருந்து தரும் இடைநிலை வழங்கிகள்) ஏதேனும் இருந்தால் அதனுடைய கேச்சையும் அழித்துவிட்டுப் பாருங்கள். 404 பிழையைப் பொறுத்தவரை, முகவரியில் தமிழ் வைப்பதே வேண்டாத வேலை என்பது என் கருத்து. ஆங்கில எழுத்துகளில் ஊர்ப்பெயரை எழுதி முடித்துவிடுங்கள். வாட்ஸப்பில் பகிரும்போது விழுக்காட்டுக் குறிகளாக நீளும் முகவரியை எவரும் நம்பிச் சொடுக்குவதில்லை.

நொய்யல்கரை:

சிடிஎன் இல்லை. வேறொருவரின் கைப்பேசியில் திறந்தாலும் பழைய பக்கமே வருகிறது. ஊர்ப்பெயரைத் தமிழில் வைப்பது இந்தத் தளத்தின் நோக்கங்களுள் ஒன்று என்பதால் அதைக் கைவிடும் எண்ணம் இல்லை. அலுவலகத்தில் எல்லா முகவரிகளும் ஆங்கிலத்திலேயே இருப்பதால் இப்படிப்பட்ட சிக்கலை நான் இதற்குமுன் சந்தித்ததே இல்லை.

எட்டுபிட்டு:

நீங்கள் தந்த பட்டியலிலேயே விடை இருக்கிறது. திறக்காதவை பொள்ளாச்சி, தொண்டாமுத்தூர், நொய்யல். பழையதைக் காட்டுவது கோவனூர். நான்கிலும் எழுத்தின் இருபுறமும் குறி வரும் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது. திறப்பவற்றில் ஏகாரம், எகரம், ஐகாரம், ஊகாரம் எல்லாம் இருந்தும், சௌரிபாளையத்தைத் தவிர வேறெதிலும் இருபுறக் குறி இல்லை. அந்த ஒன்று ஏன் விலகி நிற்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். 3018 என்ற ஒரே குறியாக எழுதுவது ஒரு விதம். எகரக் குறியான 3014-ஐயும் கால் குறியான 3006-ஐயும் அடுத்தடுத்து வைப்பது மற்றொரு விதம். (பதின்ம எண்களைத் தருகிறேன்.) ஓகாரத்துக்கு 3019 அல்லது 3015-உம் 3006-உம், ஔகாரத்துக்கு 3020 அல்லது 3014-உம் 3031-உம். திரையில் இவற்றுக்குள் எள்ளளவும் வேறுபாடு தெரியாது. ஐகாரக் குறி எழுத்துக்கு முன்னால் வந்தாலும் அது ஒரே குறிதான், பிரிப்பதற்கு இடமில்லை. மருதமலை தப்பித்தது அதனால்தான்.

உங்கள் மேக்கின் வட்டு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 1998-இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, நீங்கள் எந்த வடிவில் பெயரிட்டாலும் அதைப் பிரித்த வடிவுக்கு மாற்றியே சேமிக்கும். தேடும்போதும் அப்படியே மாற்றித் தேடுவதால் அந்தக் கணினிக்குள் எந்தச் சிக்கலும் தெரியாது. 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் இப்படிப் பெயரை மாற்றுவதில்லை. லினக்ஸோ பெயரை வெறும் பைட்டுகளின் வரிசையாகவே பார்க்கிறது. நீங்கள் தட்டச்சு செய்த இணைப்பில் ஒகரம் ஒன்றாக இருக்கிறது, வழங்கிக்குப் போய்ச் சேர்ந்த கோப்புறையின் பெயரில் அது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. உலாவி ஒன்றைக் கேட்க, வழங்கி மற்றொன்றை வைத்துக்கொண்டு இல்லை என்கிறது. தரத்தின்படி இரண்டு வடிவங்களும் சமமானவை என்பதால் எந்தப் பக்கத்தையும் குற்றம் சொல்வதற்கில்லை.

சரிபார்ப்பது எளிது. உலாவியின் கன்சோலில் இணைப்பில் உள்ள ‘நொய்யல்’ என்பதன் நீளத்தைக் கேளுங்கள், 7 என்று வர வேண்டும். வழங்கியின் கோப்புறைப் பெயரை நகலெடுத்து ஒட்டி அதன் நீளத்தையும் கேளுங்கள், 8 என்று வந்தால் நான் சொன்னதுதான். தமிழ்க் குறி ஒவ்வொன்றும், யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8-இல் 3 பைட்டு, விழுக்காட்டுக் குறியீட்டில் 9 எழுத்து. ஆகவே முகவரியில் இந்தப் பெயரின் நீளமும் 63-க்குப் பதில் 72 ஆகியிருக்கும். அத்துடன் வழங்கியில் கோவனூர் என்ற பெயரில் எத்தனை கோப்புறைகள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:

வட்டின் வடிவம் ‘மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட்’, அதாவது எச்எஃப்எஸ் பிளஸ், என்று இருக்கிறது. நீளம் நீங்கள் சொன்னபடியே 7, 8. கோவனூர் இரண்டு இருக்கின்றன. ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் அடுத்தடுத்து இருப்பதை இத்தனை நாள் பார்த்தும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். பழையது ஒன்றில், நான் திருத்தியது மற்றொன்றில். இனி என்ன செய்வது?

எட்டுபிட்டு:

உங்கள் தளம் முழுவதும் மறுபடி உருவாக்கக்கூடியது என்பதால், வழங்கியில் உள்ளதற்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, வெளியீட்டுக் கோப்புறையைக் காலி செய்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதே நல்லது. ஏற்றுவதற்கு ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். அதன் ‘ஐகான்வ்’ விருப்பத்தில், இந்தப் பக்கம் ‘யூடிஎஃப்-8-மேக்’, அந்தப் பக்கம் ‘யூடிஎஃப்-8’ என்று கொடுத்தால், போகும் வழியிலேயே பெயர்கள் ஒன்றுசேர்ந்துவிடும். அந்த விருப்பம் 3.0 பதிப்பில்தான் வந்தது. பழைய மேக்குகளோடு வருவது 2.6.9, ஆகவே புதிய பதிப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே ஏற்றியவற்றை வழங்கியிலேயே மாற்ற விரும்புவோர்க்குக் ‘கான்வ்எம்வி’ என்ற கருவி இருக்கிறது. அது இயல்பாக ஒத்திகை மட்டுமே பார்க்கும், வெளிப்படையாகச் சொன்னால்தான் பெயரை மாற்றும். கோவனூர் போல இரட்டையாக இருப்பவற்றை முதலில் கையால் தீர்த்துவிட்டு அதை ஓட்டுவது நலம்.

தளத்தில் தேடல் வசதி இருந்தால் அங்கேயும் இதே தொல்லை வரும். தேடும் சொல்லையும் தேடப்படும் உரையையும் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் செயற்கூறு வழியாக என்எஃப்சி எனும் ஒன்றுசேர்த்த வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள்.

உயிர்மெய்:

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. சௌரிபாளையத்தில் ஔகாரக் குறி இருக்கிறது, அதுவும் பிரிய வேண்டியதுதானே? அது மட்டும் எப்படித் திறக்கிறது என்பதற்கு விளக்கம் இன்னும் வரவில்லை.

எட்டுபிட்டு:

நினைவூட்டியதற்கு நன்றி. நொய்யல்கரை அவர்களே, அந்தக் கோப்புறையின் பெயரில் உள்ள எழுத்துகளின் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல முடியுமா? குறிப்பாக, ளகரத்தின் எண்ணான 2995 எத்தனை முறை வருகிறது என்று.

நொய்யல்கரை:

இரண்டு முறை. முதலில் ச, அடுத்து 3014, அதற்கடுத்து 2995. பிற்பாதியில் ‘ளை’ உள்ள இடத்தில் மறுபடி ஒரு 2995.

எட்டுபிட்டு:

அப்படியானால் நீங்கள் ஔகாரக் குறியை இடவே இல்லை. ‘செ’ என்று தட்டச்சு செய்து, அதன்பின் ளகர எழுத்தையே போட்டிருக்கிறீர்கள். ஔகாரத்தின் வலப்பக்கக் குறி ளகரம் போலவே இருப்பதால் கைப்பேசியில் தட்டச்சு செய்வோர் பலரும் இப்படிச் செய்கிறார்கள். ளகரம் தனியான ஓர் எழுத்து என்பதால் மேக் அதில் பிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இணைப்பிலும் அதே தவறு இருந்ததால் இரண்டும் பொருந்திவிட்டன. நார்மலைஸ் இதைத் திருத்தாது, நீங்கள்தான் திருத்த வேண்டும். சரியான எழுத்தில் சௌரிபாளையம் என்று தேடுபவருக்கு இந்தப் பக்கம் அகப்படாது.

நொய்யல்கரை:

நேற்றிரவு புதிய ஆர்சிங்க் நிறுவி, வெளியீட்டுக் கோப்புறையைக் காலி செய்து, முழுத் தளத்தையும் மறுபடி ஏற்றினேன். பொள்ளாச்சி, தொண்டாமுத்தூர், நொய்யல் மூன்றும் திறக்கின்றன. கோவனூர் ஒன்றே இருக்கிறது, திருத்தத்துடன். சௌரிபாளையத்தைச் சரியான குறியோடு எழுதி, பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்புதல் வழியாகத் திருப்பிவிட்டேன். அந்தத் திருப்புவிதியின் வரியில் இரண்டு பெயர்களும் அருகருகே ஒரே மாதிரி நிற்கின்றன. அடுத்த ஆண்டு நானே இதைத் தேவையற்றது என்று அழித்துவிடக் கூடாது என்பதற்காக, மேலே இரண்டு வரியில் விளக்கக் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன்.