காலர் பிரிவுப் பெரியம்மா

தெரிந்த கைவினைக்காரர்களைப் பற்றிய இந்த இழையில் எழுதியவர்களில் பலர், ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் கைவேலை கற்றுக்கொண்டவர்களைப் பற்றியே சொல்லியிருக்கிறீர்கள். நான் பார்த்த, தாழையோலை பின்னும் பெரியம்மா வேறு ரகம். "இது உங்கள் பொழுதுபோக்கா?" என்று ஒருமுறை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அரை மணி நேரம் என் பக்கம் திரும்பவே இல்லை.

மொரீஷியசின் காத்ர் போர்ன் ஊரில் மலைக்கோயிலுக்குப் போகும் வழியில் அவர் வீடு. 2016 ஜனவரியில் இங்கே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததும், காய்கறி வாங்க ஒரு தாழையோலைப் பை தேடி அலைந்தேன். நாம் 'தாந்த் பசார்' என்போமே, அதுதான். யாரோ கைகாட்டிவிட, அவர் வாசலில் போய் நின்றேன். திண்ணையில் ஓலை உரித்துக்கொண்டிருந்தார். தாழையோலையின் இரண்டு விளிம்பிலும் முள், நடு நரம்பின் அடியிலும் முள். மூன்றையும் சிறு கத்தியால் ஒன்றுக்கு ஒரு இழுப்பில் எடுத்துவிடுகிறார். பக்கத்தில் ஒரு மரக்கட்டை. அதில் வரிசையாக ஊசிகள் அடித்திருந்தன. ஓலையை அதன்மேல் வைத்து இழுத்தால் ஒரே அகலக் கீற்றுகளாகப் பிளந்து வருகிறது. அத்தனையும் அவர் வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலையில் முறிந்த தையல் ஊசிகள். எப்படி வெளியே கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. வெயிலில் காய்ந்த கீற்றைக் கத்தியின் முதுகால் நீவுகிறார். முறுக்கு விட்டுத் துணிபோல இளகிவிடுகிறது.

பேச்செல்லாம் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான். பின்னத் தொடங்கியதும் மட்டும் உதடு தமிழுக்கு மாறியது. ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வரை எண்ணுகிறார், மறுபடி ஒன்றிலிருந்து. பாட்டி மடியில் கேட்ட எண்ணாம். பன்னிரண்டுக்கு மேல் தெரியாது, தேவையும் இல்லை என்றார். நம் மொரீஷியஸ் ரூபாய்த் தாள்களில் தமிழ் எண் அச்சாகிறது. 1998இல் அதில் தமிழுக்கு இருந்த இடத்தை மாற்றியபோது ஊரே கொதித்து, அந்தத் தாள்களைத் திரும்பப் பெற வைத்தோம். ஆனால் வேலையில் மூழ்கி, தன்னையறியாமல் தமிழில் எண்ணுகிற ஒரு வாயை அன்றுதான் பார்த்தேன்.

1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபின் முளைத்த ஆடைத் தொழிற்சாலைகளில் ஒன்றில் அவருக்கு 26 வருட வேலை. 26 வருடமும் காலர் பிரிவு.

"ஒரு முழுச் சட்டை என் கைக்கு வந்ததே இல்லை, பிள்ளை. காலர் வரும், காலர் போகும். கை தைத்தவள் யாரோ, பொத்தான் வைத்தவள் யாரோ."

அதனால்தான் மாலையில் வீடு திரும்பி, சோற்றை வடித்துவிட்டு, ஓலையை எடுத்து உட்காருவாராம். அடியும் அவரே, கைப்பிடியும் அவரே. 2005இல் எந்த நாடு எவ்வளவு ஆடை ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்த உலக ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்ததும் இங்கே பல தொழிற்சாலைகள் மூடப்பட்டன, அவருடையதும் தப்பவில்லை. கடைசி நாளில் பெண்களெல்லாம் கட்டிக்கொண்டு அழுதார்களாம். "நானும் அழுதேன். ஆனால் வீட்டில் ஒரு பாய் பாதியில் கிடந்தது" என்றார்.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் அடித்ததே, அதில் அவர் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து, ஒரு வருடத்துக்குச் சேர்த்த ஓலை முழுவதும் நனைந்துவிட்டது. அடுத்த வாரம் போனபோது கட்டுக்கட்டாகக் கறுப்புப் பூசணம். கொட்டகைக்குக் கூரை போட்டவனைக் கிரியோலில் திட்டித் தீர்த்தார், எழுத முடியாது. அதற்குள் 25ஆம் தேதி தைப்பூசம். பேரன் காவடி எடுக்கிறான். புயலில் சாய்ந்த தென்னைகளின் குருத்தை வெட்டிவரப் பையன்களை அனுப்பிவிட்டு, காவடிக்குக் கிளி பின்ன உட்கார்ந்தார். என்னையும் உட்கார வைத்தார். அவர் நாலு கிளி முடித்தபோது நான் ஒன்று முடித்தேன். அதுவும் கோழி மாதிரி இருந்தது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் பேரனைக் கூப்பிட்டார்.

"இதைப் பின்பக்கம் கட்டு. முருகன் முன்னாலிருந்துதான் பார்ப்பார்."

*

வாக்வாவிலிருந்து ஒருவர்:

வாக்வா என்றாலே தாழைதான், எங்கள் ஊருக்குப் பெயரே இந்த மரத்தால் வந்தது. ஆனால் பின்னத் தெரிந்த ஒருவரைக்கூட என் தெருவில் காட்ட முடியாது. சர்க்கரையே ஒரு காலத்தில் தாழையோலைச் சாக்கில்தான் கப்பலேறியது என்று தாத்தா சொல்வார். இப்போது சந்தையில் தொங்குபவற்றில் நிறைய மடகாஸ்கர் கூடைகள். நானும் அதில் ஒன்றைத்தான் வாங்கினேன், பேரம் பேசி. இதைப் படித்தபின் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

*

பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து ஒருவர்:

பெரிய வயதில் தமிழ் படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே சான் பிலிப் பக்கம் தாழைக்கென்றே விழா எடுக்கிறார்கள். ஓலையில் தொப்பியும் பையும் பின்னுவதோடு விடுவதில்லை. 'பின்பின்' என்று காயையும் சமைத்துத் தின்றுவிடுகிறோம். ஊசிக் கட்டை மட்டும் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அத்தை கட்டைவிரல் நகத்தால்தான் பிளப்பார். அதற்காகவே அந்த ஒரு நகத்தை வெட்டமாட்டார். பெரியம்மா வெளியாட்களுக்குக் கற்றுத் தருவாரா?

*

முதலில் எழுதியவர்:

கேட்டுப் பார்த்தேன். வரச் சொல்கிறார். நக விஷயத்தைச் சொன்னதும் தன் கட்டைவிரலை நீட்டிப் பார்த்துக்கொண்டார். வரும்போது முறிந்த தையல் ஊசி கிடைத்தால் எடுத்துவர வேண்டுமாம். கட்டையில் இரண்டு வளைந்துவிட்டன.