கோட்டைக் கிளி

வேலூர் சத்துவாச்சாரியில் வீடு கட்டும்போது பூஜை அறைக் கதவு வேலைக்கு வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லணும். பத்தொன்பது வயசு. கதவை ஆசாரி பார்த்துக்கொண்டார், மேலே வரும் இரண்டு கிளிகளை மட்டும் அவனிடம் விட்டுவிட்டார்.

காலையில் வந்ததும் உளியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், அப்புறம்தான் மரச் சுத்தியலான கொட்டாப்புளியைத் தொடுவான். முதலில் செதுக்கியது உட்கார்ந்த கிளி. மூக்கு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. தேக்குப் பலகையில் நார் மேலிருந்து கீழாக ஓடியது, மூக்கு அதற்குக் குறுக்கே வந்ததால் பிடிப்பில்லாமல் கடைசி நேரத்தில் பட்டென்று போய்விட்டது. மரத்தூளில் ஃபெவிகால் கலந்து ஒட்டிவிடலாம், பாலிஷ் போட்டால் தெரியாது என்றார் ஆசாரி. நானும் சரி என்றேன். "சாமி ரூம்ல ஒட்டுப்போட்ட மூக்கு வேணாம்கா" என்று வேறு பலகை எடுத்தான். அதுவும் அதே இடத்தில் உடைந்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனால், கல்யாண மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறான். நாமெல்லாம் அங்கே தூணில் பாய்கிற குதிரையையும் யாளியையும் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். மேலே விதானத்தில் தாமரையைச் சுற்றி வட்டமாகக் கிளிகள், இதழைக் காலால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். "தலை கீழ இருந்தா மூக்கும் கீழதானே போவும்கா, நாரோடயே போயிடும்!" என்றான், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

கல்லில் நார் ஓட்டம் கிடையாது. அதைப் பார்த்து மரத்துக்கு வழி கண்டுபிடித்தது இவன் கண்தான் என்பேன். அவன் சாமி காட்டிக்கொடுத்தது என்கிறான், நான் மறுத்துப் பேசவில்லை. வெகுகாலம் மூலவர் இல்லாமலே இருந்த கோயில் அது, 1981இல்தான் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தை எடுத்துப்போய் உள்ளே வைத்தார்கள். அம்மா டீ கொடுக்கும்போது இதைச் சொல்ல, "அத்தன வருசமும் கிளிங்க அங்கயே காத்துனு இருந்திருக்குதே பாட்டி" என்றான். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

மூன்றாவது பலகையில் மூக்கு நின்றது. கண்ணை மட்டும் விட்டுவைத்திருந்து, வெள்ளிக்கிழமை குளித்த ஈரத்தலையோடு வந்து நகத்தளவு உளியால் திறந்தான். இடது கிளிக்குக் கண் கொஞ்சம் பெரிசாகிவிட்டது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, அவனேதான் கூப்பிட்டுக் காட்டினான்.