விஎம்மில் (ஒரு சர்வரைப் பங்கிட்டு ஓடும் மெய்நிகர் மெஷின்) ஓடும் டேட்டாபேஸ்: மறக்க முடியாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

இரவுப்பணி
மாதக் கடைசி, சம்பளக் கணக்கு ஓடும் ராத்திரி. விஎம்களை ஓட்டும் விஎம்வேர் மேல் ஆரக்கிள் டேட்டாபேஸ். குவெரி பிளான் மாறவில்லை, டேபிள் பூட்டும் (லாக்) இல்லை, ஆனாலும் எதுவும் நகரவில்லை. மெஷினுக்கு 64 ஜிபி, எஸ்ஜிஏ (ஆரக்கிளின் பகிர்வு மெமரி) 40 தான். அப்படியிருந்தும் லினக்ஸ் மெமரி போதாமல் டிஸ்க்கில் ஸ்வாப் செய்து தத்தளிக்கிறது. மீதி மெமரியை எந்த பிராசஸ் தின்கிறது என்று தேடினால் ஒன்றும் சிக்கவில்லை. விஎம்வேர் டீம் ஆளை எழுப்பி ஹோஸ்டின் (விஎம்கள் ஓடும் சர்வர்) கண்காணிப்புக் கருவியான இஎஸ்எக்ஸ்டாப்பைத் திறக்கச் சொன்னேன். விஎம்மிடமிருந்து ஹோஸ்ட் திரும்ப வாங்கிக்கொண்ட மெமரியைக் காட்டும் பலூன் பத்தியில் 18 ஜிபி! அந்த ஹோஸ்டில் கேட்காமல் வேறு விஎம்களை ஏற்றியிருக்கிறார்கள். எங்களுக்கு ரிசர்வேஷனும் (மெமரியை ஹோஸ்ட் திரும்ப எடுக்காது என்ற உத்தரவாதம்) இல்லை. எஸ்ஜிஏ, லினக்ஸ் ஸ்வாப் செய்யாத ஹியூஜ் பேஜில் இருந்ததால் அது மட்டும் தப்பியது. அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அன்றிலிருந்து டேட்டாபேஸ் விஎம் என்றால் பலூன் டிரைவரையே எடுத்துவிடச் சொல்கிறேன்.

கொள்ளிடம்
எடுக்காதீர்கள். பலூன் இல்லையென்றால் ஹோஸ்ட் தானே ஸ்வாப் செய்யும். உள்ளே எந்த மெமரி பேஜ் முக்கியம் என்று அதற்குத் தெரியாது, எஸ்ஜிஏவிலும் கைவைக்கும். விஎம்முக்குக் கொடுத்த மெமரி முழுவதையும் ரிசர்வ் செய்யுங்கள், பலூன் பக்கமே வராது. விஎம்முக்குள் விஎம்வேர் டூல்ஸ் இருந்தால் 'விஎம்வேர்-டூல்பாக்ஸ்-சிஎம்டி ஸ்டாட் பலூன்' போட்டு லினக்ஸுக்குள்ளிருந்தே பார்க்கலாம், யாரையும் எழுப்ப வேண்டாம்.

என் கதை சின்னது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறது என்று விஎம்மின் 8 விசிபியுவை (மெய்நிகர் சிபியு) 16 ஆக்கினார்கள், இன்னும் மெதுவானது. ஹோஸ்டில் நெரிசல், ரெடி டைம் (நிஜ சிபியு கிடைக்கக் காத்திருக்கும் நேரம்) எகிறியிருந்தது. விஎம்வேரை நிர்வகிக்கும் விசென்டரின் ரியல்டைம் கிராஃபில் ஒரு புள்ளி 20 விநாடி. ஒரு விசிபியுவுக்கு 2000 மில்லிசெகண்ட் என்றால் 10 சதவீத நேரம் வரிசையில் நிற்கிறது. திரும்ப 8 ஆக்கியதும் சரியானது.

அப்புறம், டேட்டா, லாக் ஃபைல் டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே ஸ்கஸி கன்ட்ரோலரில் மாட்டாதீர்கள். நாலு வரை போடலாம், பிவிஸ்கஸியாக (விஎம்முக்கென்றே உள்ள கன்ட்ரோலர் வகை) பிரித்துப் போடுங்கள். சிபியு ஹாட் ஆட் (ஓடும்போதே சிபியு சேர்க்கும் வசதி) வேண்டாம், அது பொதுவாக விநூமாவை (எந்த மெமரி எந்த சிபியுவுக்கு அருகில் என்று விஎம்முக்குக் காட்டுவது) கெடுத்துவிடும்.

தூத்துக்குடி_டிபிஏ
எங்களுக்குத் தொல்லை ஸ்னாப்ஷாட் (பேக்கப்புக்காக விஎம்மின் அந்த நேர நிலையைப் பிடித்து வைப்பது). பேக்கப் முடிந்து ஸ்னாப்ஷாட்டை மூல டிஸ்க்கோடு திரும்பச் சேர்க்கும்போது விஎம் அப்படியே உறைந்துபோகும். எஸ்கியூஎல் சர்வரின் மாற்று சர்வர் ஏற்பாடான ஆல்வேஸ் ஆனில் லீஸ் டைம்அவுட் (உயிரோடு இருப்பதைக் காட்டத் தரும் கெடு) 20 விநாடி. அதைத் தாண்டியதால் நடு ராத்திரியில் ஃபெயில்ஓவர், அதாவது வேலை மாற்று சர்வருக்குத் தாவியது. லாக் ஃபைலில் உறைந்த நேரம் முழுக்க ஒரு வரிகூட இல்லை. டேட்டாபேஸ் டீமைத்தான் குடைந்தார்கள். பேக்கப் முடிந்த நேரத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டியும் நெட்வொர்க் கோளாறு என்றே டிக்கெட்டை மூடினார்கள். அந்த பேக்கப் ஜாப் இன்னும் அப்படியேதான் ஓடுகிறது.