டெண்டர் திறந்த அன்று என்ன பார்த்தீர்கள்?

மஞ்சக்குப்பத்துக்காரன்:
2013. கடலூர் பக்கம் ஒரு உள்ளாட்சி அலுவலகம், எது என்று வேண்டாம். வாய்க்கால் சிலாப் வேலை, மதிப்பீடு 8 லட்சம். புதுசாக லைசன்ஸ் எடுத்திருந்த ஆர்வத்தில் கவர் போட்டேன். பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒருவர், "தம்பி, இது பேசி முடிச்ச வேலை, அடுத்ததுல பார்த்துக்கலாம்" என்றார். சிரித்துவிட்டுப் போட்டுவிட்டேன். மூன்றரை மணிக்குத் திறந்தார்கள். என்னோடு சேர்த்து நாலு கவர். கிளார்க் ஈ.எம்.டி.க்காக, அதாவது முன்வைப்புத் தொகைக்காக, வைத்த டி.டி. (வங்கி வரைவோலை) எண்களைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் பதிவேட்டில் எழுதினார். முதல் மூன்றும் ஒரே வங்கி, ஒரே கிளை, ஒரே தேதி. கடைசி இலக்கங்கள் 417, 418, 419, ஒரே ஆள் வரிசையாக எடுத்த மாதிரி. நான் நிமிர்ந்து பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தவே இல்லை. என் கவரில் ஒரு பக்கத்தில் கையெழுத்து இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அது உண்மைதான், விட்டுப்போயிருந்தது. ஆனால் அந்த 417, 418, 419 இன்னும் மனசில் ஓடுகிறது.

நெல்லிக்குப்பம் ரோடு:
அதெல்லாம் பெட்டி காலத்துக் கதை சார். இப்போது எல்லாம் ஆன்லைன், பக்கத்தில் நின்று மிரட்ட ஆள் கிடையாது. என் பிரச்சினை வேறு. கடைசி நேரம் மூன்று மணி. இரண்டே முக்காலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி விலைப் பட்டியல் எக்செல்லை ஏற்றினால் ஏற மறுக்கிறது. அடையாளத்துக்காக ஃபைல் பெயரோடு எங்கள் கடைப் பெயரைச் சேர்த்து வைத்திருந்தேன். தளத்திலிருந்து இறக்கிய ஃபைலின் பெயரை மாற்றவே கூடாதாம். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்குள் கரண்ட் போனது. யார் மேல் கோபப்படுவது?

முதுநகர் ஜெனரேட்டர்:
ஆன்லைன் ஆனால் ரிங், அதாவது ஒப்பந்தக்காரர்கள் கூடிப் பேசி வைத்துக்கொள்வது, போய்விடுமா? முன்னாடியே போனில் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். எனக்கு டெண்டரே இல்லாமல் ஒரு அனுபவம். 2011 டிசம்பர் 30, தானே புயல். கரண்ட் கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டி ஏற்ற ஜெனரேட்டர் வேண்டும் என்று இரவே ஆள் அனுப்பினார்கள். பேரிடர் என்றால் டெண்டர் இல்லாமல் எடுக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, தப்பில்லை. ஊர் ஊராக வண்டியில் கட்டி இழுத்துப் போனேன். ஓடிய மணி நேரத்தை ஒரு நோட்டில் எழுதி அங்கங்கே கையெழுத்து வாங்கினேன். டீசல் கையோடு வாங்கியது, பாதிப் பக்கம் கறை. கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் நோட்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரேட்டுக்கு உத்தரவு எங்கே?" என்றார். பணம் வர இரண்டு வருஷம். அதிலும் டீசல் ஏறிய விலையில் ஒரு பைசா சேர்க்கவில்லை. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் என் வண்டிக்குத் திருஷ்டி சுற்றினார்கள், அதுதான் லாபம்.

திருப்பாதிரிப்புலியூர் ஓய்வு:
என் கதை ஒரு வரிதான். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, எங்கள் வீட்டின் மூன்று படியில் இப்போது ஒன்றுதான் மிச்சம். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் எழுதிவிட்டார், தெரியுமா?

மஞ்சக்குப்பத்துக்காரரே, நீங்கள் செய்தது தப்பு. சும்மா வந்திருக்கக் கூடாது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, பிரிவு 11. உத்தரவு கைக்கு வந்த பத்து நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். இன்னொன்று, டெண்டர் போட இரண்டு கோடி வரைக்கும் 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரி காரணம் எழுத வேண்டும். விளம்பரத் தேதியை எண்ணிப் பாருங்கள், பாதி டெண்டர் அங்கேயே மாட்டும். அப்புறம் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டி எம்-புக் (வேலையை அளந்து எழுதும் அளவைப் புத்தகம்) நகல் கேளுங்கள். நகல் மட்டுமில்லை, வேலையை நேரில் பார்வையிடலாம், போட்ட சரக்கில் சான்றிட்ட மாதிரியே கேட்டு வாங்கலாம். அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே)வில் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை. ஜெனரேட்டர் தம்பியும் நோட்டை அன்றன்றைக்கே நகல் எடுத்திருக்க வேண்டும்.

வில்லியனூர் பக்கம்:
ஐயா, கரண்டே இல்லாத ஊரில் நகல் எங்கே எடுப்பார்? நீங்கள் சொல்கிற சட்டம் தமிழ்நாட்டுக்கு. ஆற்றைத் தாண்டினால் புதுச்சேரி, எங்களுக்கு மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017. அங்கே சாதாரணமாக மூன்று வாரம். தேவையைத் துண்டு துண்டாகப் பிரித்து வாங்கக் கூடாது என்றும் அதில் தெளிவாக இருக்கிறது. இருந்தும் ஒரு கொம்யூனில் (எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து) ஒரே மாதத்தில் பிளீச்சிங் பவுடருக்கு நாலு தனித்தனி பில் பார்த்தேன். கேள்வி கேட்கக் கவுன்சிலரும் கிடையாது. 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, 2011இல் பதவிக்காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை.

மஞ்சக்குப்பத்துக்காரன்:
ஓய்வு ஐயா, பத்து நாள் எனக்கும் தெரியும். உத்தரவு கைக்கு வந்தால்தானே எண்ணுவது? வந்தது என் டி.டி. மட்டும்தான், ஏழு மாதம் கழித்து. அதற்குள் காலாவதி. வங்கியில் புதுப்பிக்கக் கமிஷன் வேறு பிடித்தார்கள்.