ஆபரேஷனுக்கு அப்புறம் கை வீங்கினா அழுத்தித் தேய்க்கலாமா?

பெரம்பூர்_குமார்: மார்பக ஆபரேஷனுக்கு அப்புறம் கை வீங்கினா நல்லெண்ணெய் போட்டு நல்லா அழுத்தித் தேய்ங்க, நீர் தன்னால இறங்கிடும். தேங்கின நீரை வடிக்கிற நிணநீர் மசாஜ்னு பேர் வெச்சு பிசியோகிட்ட எதுக்கு காசைக் கொட்டணும்? எங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் இறங்குச்சு.

அடையாறு_மீனா: படிச்சதும் வயிறு எரியுது சார். எங்கம்மாவுக்கு அக்குள்ல நிணநீரை வடிகட்டுற நெறிக்கட்டி எடுத்தப்போ ஒருத்தர் இப்படித்தான் அழுத்தித் தேய்ச்சு விட்டாரு, மறுநாள் வளையல் ஏறல. அழுத்தக் கூடாது. தோல் லேசா நகர்ற அளவு போதும்.

பெரம்பூர்_குமார்: லேசா தடவினா நீர் எப்படிம்மா இறங்கும்? அதுக்குப் பேரு தடவுறது, மசாஜ் இல்ல.

அடையாறு_மீனா: ரத்தத்துக்கு இதயம் இருக்கு, நிணநீருக்கு அந்த மாதிரி பம்ப் கிடையாது, மெல்லிசு குழாயெல்லாம் தோலுக்கு அடியிலயே ஓடுது, அதனாலதான் முதல்ல கழுத்துப் பக்கம் வழி பண்ணிட்டு அப்புறம் தோள், அப்புறம் கைனு வருவாங்க, நீங்க விரல்லேர்ந்து பலமா உருவி ஏத்தினா அது எங்க போகும்? 1930கள்லயே டென்மார்க்காரர் எமில் வோடரும் அவர் மனைவியும் லேசான அழுத்தத்துலதான் இதை உருவாக்கினாங்க.

பெரம்பூர்_குமார்: டென்மார்க்காரன் சொன்னா வேதம், பெரியம்மா சொன்னா பொய்யா?

நங்கநல்லூர்_ராஜி: ரெண்டு பேரும் கட்டுப் போடுறதை மறந்துட்டீங்க. வீக்கத்தைப் பிடிச்சு வெக்கிறது பேண்டேஜும் கையில இறுக்கமா மாட்டுற ஸ்லீவும்தான், மசாஜ் அது கூட சேர்றது.

அடையாறு_மீனா: நான் எங்க மறந்தேன்? கட்டு, பயிற்சி, தோல் பராமரிப்பு எல்லாம் சேர்த்துதான் எங்கம்மாவுக்கு செஞ்சாங்க. இப்போ பேச்சு அழுத்தத்தைப் பத்தி.

பெரம்பூர்_குமார்: மே மாச சென்னை வெயில்ல நாள் முழுக்க பேண்டேஜா? ராஜி மேடம் வீட்ல ஏசி இருக்கும் போல.

நங்கநல்லூர்_ராஜி: ஏசியைப் பத்தி உங்களை யார் கேட்டா? போன மாசம் முட்டி வலிக்கும் இதே நல்லெண்ணெயைத்தான் சொன்னீங்க, கேள்வி கேட்டதும் ஆளைக் காணோம்.

பெரம்பூர்_குமார்: ஊருக்குப் போயிருந்தேன். அதை இங்க இழுக்காதீங்க.

அடையாறு_மீனா: எல்லாரும் படிக்கிற இடம்னுதான் திரும்பத் திரும்ப சொல்றேன். கை சிவந்து சூடா இருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ தொடவே கூடாது, அது தொற்றா இருக்கலாம், உடனே டாக்டர். ரத்தக் குழாய்ல ரத்த உறைவு, இதயக் கோளாறு இருந்தாலும் கேக்காம பண்ணக் கூடாது. தயவுசெஞ்சு அந்த "நல்லா அழுத்தி"யை எடுத்துடுங்க சார்.

பெரம்பூர்_குமார்: எடுக்க மாட்டேன். பெரியம்மா கை இறங்கினதை என் கண்ணால பார்த்தேன்.

நங்கநல்லூர்_ராஜி: டேப் வெச்சு அளந்தீங்களா?

பெரம்பூர்_குமார்: கண்ணு இருக்கும்போது டேப் எதுக்கு?

அடையாறு_மீனா: அழுத்தக் கூடாது சார். அவ்ளோதான்.