டூர் டி பிரான்ஸ்: ஹைலைட்ஸ் போதாதா, தூக்கத்தையும் கெடுத்துக்கணுமா?

ஈசூன்வாசி:
சண்டைக்குக் கேட்கவில்லை. சரி, கொஞ்சம் சண்டைக்கும்தான். என் தங்கை வீட்டுக்காரர் 2025 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 21 ஸ்டேஜையும் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்) நேரலையில் பார்த்து முடித்தார். கோடையில் பிரான்ஸ் நம் சிங்கப்பூருக்கு ஆறு மணி நேரம் பின்னால். அங்கே சாயங்காலம் ஐந்தரைக்கு முடிந்தால் இங்கே ராத்திரி பதினொன்றரை. காலையில் மனிதர் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே தூங்குகிறார். எட்டாவது ஸ்டேஜ், லாவால் ஊருக்குப் போன நாள், மரியாதைக்காக நானும் கூட உட்கார்ந்தேன். வயல், தேவாலயம், மறுபடி வயல். கடைசி ஐந்து நிமிடம் எல்லாரும் விரட்டினார்கள், இத்தாலி வீரர் மிலான் ஜெயித்தார். அந்த ஐந்து நிமிடத்துக்கு நாலு மணி நேரம் எதற்கு?

மண்டாய்_மிதி:
லாவாலோடு எழுந்து போனீர்கள் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டீர்கள். மறுநாளும் அதே மாதிரி சமதரைதான், ஷாடோரு வரைக்கும் 174 கிலோமீட்டர். கடைசிப் பாய்ச்சலில் மன்னன், பிரிட்டனின் கேவண்டிஷ் மூன்று தடவை ஜெயித்த ஊர். கடைசி 200 மீட்டரில் பாய்கிறவர்களுக்கு என்றே எழுதிவைத்த நாள். அன்றைக்கு நெதர்லாந்தின் வான் டெர் பூலும் அவருடைய அணித்தோழர் ரிக்கேர்ட்டும் ஆரம்பித்த உடனே கிளம்பிவிட்டார்கள். இரண்டே பேர். பின்னால் நூற்றைம்பதுக்கு மேல். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சிரித்துத் தள்ளினோம்.

பாப்பா தூங்குவதால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். திரை மூலையில் அந்த இரண்டு பேருக்கும் பின்னால் வரும் கூட்டத்துக்கும் இடைவெளி நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நிமிடக் கணக்கில் இருந்தது வினாடிக் கணக்குக்கு வந்தது. கடைசிப் பத்து கிலோமீட்டருக்குள் ரிக்கேர்ட் தீர்ந்துபோனார். வான் டெர் பூல் தனியாகக் கடைசிக் கிலோமீட்டருக்குள்ளேயே நுழைந்துவிட்டார், அதற்கப்புறம்தான் பிடித்தார்கள். கூட்டத்திலிருந்து பாய்ந்து பெல்ஜியத்தின் மெர்லியே ஜெயித்தார். நாள் முழுக்கச் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்! ஹைலைட்ஸில் இது ஒருவர் பிடிபடுகிற காட்சி, அவ்வளவுதான். அந்த எண் தேய்ந்ததைப் பார்த்தவனுக்கு வேறே.

ஈசூன்வாசி:
பிடிபட்டார் இல்லையா? அப்புறம் என்ன! மூன்று மணி நேரம் ஓடுகிறவனைப் பார்த்து, கடைசியில் துரத்துகிறவன் ஜெயிக்கிறான். இதை நான் ஒரு வரியில் சொல்லிவிட்டேன் பாருங்கள்.

மண்டாய்_மிதி:
நீங்கள் எப்போதாவது தானா மேரா கோஸ்ட் ரோட்டில் எதிர்காற்றில் மிதித்திருக்கிறீர்களா அண்ணே? நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேராகப் போவோம் (ஐந்துக்கு மேல் வரிசை நீளக் கூடாது, சட்டம்). முன்னால் போகிறவர் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிக்கொண்டால் பேசிக்கொண்டே வரலாம். ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் பின்தங்கி, அந்த ஒரு முழம் மூன்று முழமானால் போச்சு, யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். காற்றைப் பிளக்கிற வேலையைப் பெரிய கூட்டம் மாற்றி மாற்றிப் பங்குபோட்டுக்கொள்ளும். இரண்டு பேர் என்றால் பங்கு எங்கே இருக்கிறது? அதை 170 கிலோமீட்டருக்குச் செய்தார்கள் என்பது ஒரு வரியில் அடங்காது.

தெம்பனிஸ்_அக்கா:
தம்பி மண்டாய், சமதரை நாளைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். மொத்தப் பந்தயத்தை? எல்லா நாள் நேரத்தையும் கூட்டி யாருக்குக் குறைவோ அவருக்குத்தானே பட்டம். பன்னிரண்டாவது ஸ்டேஜில் ஓத்தகாம் மலையில் பொகாச்சர் விங்கெகார்டை இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்னால் விட்டபோதே கதை முடிந்தது. பாக்கி ஒன்பது நாள் எதற்கு? கடைசியில் 4 நிமிடம் 24 வினாடி வித்தியாசம். 2024-இல் 6 நிமிடம் 17 வினாடி.

அதே 2024-இல் பெண்கள் டூரைப் பார்த்தீர்களா? எட்டே ஸ்டேஜ். ஐந்தாவது ஸ்டேஜில் நெதர்லாந்தின் வோலரிங் கீழே விழுந்து, மொத்தக் கணக்கில் முதலில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டையை இழந்தார். கடைசி நாள் ஆல்ப் துவேஸ் மலையில் முதலாவதாக வந்தும், போலந்தின் நியேவியாதோமாவிடம் மொத்தக் கணக்கில் 4 வினாடியில் தோற்றார். நாலு வினாடி! நம் வீவக அடுக்குமாடி லிஃப்ட் கதவு மூடுகிற நேரம். ஆண்கள் டூரில் பாதி நாள்கூட இல்லாத பந்தயம், அதில்தான் என் மூச்சே நின்றது.

மண்டாய்_மிதி:
அக்கா, அந்த நாலு வினாடிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பொகாச்சர் ஜெயிப்பது தெரிந்துவிட்டது என்பதால் அணைத்துவிட்டீர்கள் என்றால் கடைசி நாள் பாரிஸையும் விட்டிருப்பீர்கள். மழை. மோன்மார்த்ர் மேட்டில் மூன்று சுற்று. சறுக்கும் என்பதால் மொத்த நேரக் கணக்கை முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள், அதாவது பொகாச்சர் கடைசியாகப் பத்திரமாக உருட்டிக்கொண்டு வந்தாலும் மஞ்சள் சட்டை அவருடையதுதான். இருந்தும் மேட்டில் தாக்கினார். கடைசி ஏற்றத்தில் வான் ஆர்ட் அவரை உதறிவிட்டுப் போய் ஜெயித்தார். நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலை ஒன்றரை மணி வாக்கில்.

பழைய_டாக்சி:
இளையவர்கள் பேசுகிறீர்கள், நான் ஒன்று சொல்கிறேன். இரவு ஷிஃப்டுக்கு லீவு போட்டுவிட்டுப் பார்த்தவன் நான். 2003, லூஸ் அர்திதேன் மலை. வேடிக்கை பார்த்தவரின் பையில் கைப்பிடி மாட்டி ஆர்ம்ஸ்ட்ராங் விழுந்தார். எழுந்தார், ஏறினார், ஜெயித்தார். கூடத்தில் தனியாக நின்று கைதட்டினேன், என் மனைவி பயந்துபோய் எழுந்து வந்தாள். 2012-இல் அவருடைய ஏழு டூர் பட்டத்தையும் பிடுங்கிவிட்டார்கள், ஊக்கமருந்து. அந்த ஏழு வருடத்துக்கும் இன்றைக்கு ஜெயித்தவர் என்று யார் பெயரும் இல்லை. நான் தட்டிய கைதட்டல் யார் கணக்கில்?

அதனால் இப்போது யார் தனியாகப் பறந்தாலும் நான் மெதுவாகத்தான் சந்தோஷப்படுவேன். இன்றைக்கு ஓட்டுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. சூடு கண்ட பூனை, அவ்வளவுதான்.

ஈசூன்வாசி:
அண்ணே, இதைக் கேட்டுக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கட்சிக்குத்தான் பலம் கூடுகிறது! ஒரு வார்த்தை: நான் சைக்கிளை வெறுப்பவன் இல்லை. 2024 நவம்பரில் இங்கேயே நடந்த டூர் டி பிரான்ஸ் கிரைட்டீரியத்துக்கு (ஊருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டும் குட்டிப் பந்தயம்) பிள்ளைகளோடு போனேன். கேவண்டிஷின் கடைசிப் பந்தயம், அவரே ஜெயித்தார். சர் சர்ரென்று கண் முன்னால் போகிறார்கள், சீக்கிரம் முடிகிறது, சாத்தே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். அப்படி இருந்தால் நானும் பார்ப்பேன்.

மண்டாய்_மிதி:
நீங்கள் எதற்காக அவருக்குக் கைதட்டினீர்கள்? அவர் டூரில் 35 ஸ்டேஜ் ஜெயித்தவர் என்பதற்காக. அந்த 35-ஆவது எப்படி வந்தது தெரியுமா? 2024 டூரின் முதல் நாள், இத்தாலி வெயிலில் சைக்கிள் மேலேயே வாந்தி. கூட்டம் எப்போதோ போய்விட்டது. நேர வரம்பு தாண்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அணிக்காரர்கள் தங்கள் பந்தயத்தை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்று கரைசேர்த்தார்கள். நாலு நாள் கழித்து ஜெயித்து, பழைய ஜாம்பவான் மெர்க்ஸின் 34-ஐத் தாண்டினார். முதல் நாளைப் பார்க்காதவனுக்கு ஐந்தாவது நாள் வெறும் எண்தான்.

தெம்பனிஸ்_அக்கா:
அதை நான் பார்த்தேன். துணி மடித்துக்கொண்டே. பாதிச் சட்டையை மடிக்க மறந்துவிட்டேன். ஆனாலும் மூன்று வாரம் அதிகம்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஈசூன்வாசி:
2026 பார்சலோனாவில் ஆரம்பம், ஜூலை 4, சனிக்கிழமை என்று மச்சான் இப்போதே நாள்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறார். மறுநாள் வேலை இல்லை என்பதால் ஒரு நாள் உட்காருகிறேன். லாவால் மாதிரி இருந்தால் எழுந்துவிடுவேன். அவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

பழைய_டாக்சி:
முதல் நாள் அணிக்கு அணி நேரப் போட்டி தம்பி, வயலும் தேவாலயமும் அதிகம் இருக்காது. வீடு ஈசூனில் எந்த பிளாக்? மீ கோரெங் வாங்கிக்கொண்டு வருகிறேன்.